ஃபிரேமோடு வந்தவர்

அவரைப் பெயர் சொல்லிக் கூப்பிடுகிறவர்கள் குறைவு. எடைக்காரர் என்றால்தான் எல்லோருக்கும் தெரியும். நகரத்துக்கு வெளியே லாரிகள் திரும்பும் பெரிய சாலையோரம் ஒரு எடைமேடை. தரையோடு தரையாகப் பதித்த நீளமான இரும்புப் பலகை, பக்கத்தில் ஜன்னல் வைத்த சின்ன அறை. அந்த ஜன்னலுக்குப் பின்னால் உட்கார்ந்தேதான் அவருக்குத் தலை நரைத்தது. லாரி காலியாக வந்து ஏறி நிற்கும், எடை பார்ப்பார். சரக்கு ஏற்றிக்கொண்டு வந்து நிற்கும், மறுபடி பார்ப்பார். நிறைந்ததிலிருந்து காலியைக் கழித்தால் மிச்சம் சரக்கு. உலகத்தில் உள்ள எல்லா வழக்கையும் இந்த ஒரு கழித்தலில் தீர்த்துவிடலாம் என்பது அவர் கட்சி. மகள் தனக்குப் பிடித்த பையனைப் பற்றி வந்து சொன்னபோதுகூட, "சும்மா இருக்கும்போது எப்படி, கோபத்துல எப்படி, ரெண்டையும் பார்த்துட்டியா?" என்றுதான் கேட்டார்.

ஒருமுறை, லாரி எதுவும் வராத மத்தியானத்தில், அவரே போய் மேடைமேல் ஏறி நின்று பார்த்தார். உள்ளே ஓடி வந்து எண்ணைப் பார்ப்பதற்குள் தான் இறங்கிவிட்டோம் என்பது பிறகுதான் புத்தியில் உறைத்தது. அப்புறம் ஒரு டிரைவரை உள்ளே உட்கார வைத்துவிட்டுத் தான் ஏறினார். எண் மாறவே இல்லை. லாரிக்குச் செய்த மேடை, ஆளை ஒரு பொருட்டாக எடுத்துக்கொள்ளாது. அதில் அவருக்குக் கொஞ்ச நாள் மனசு சரியில்லை.

வீடு அப்பா கட்டியது. கீழ்த்தளத்தில் எடைக்காரர், மனைவி, மகள். மேல்தளத்தில் தம்பி. தம்பிக்குப் பல் செட் செய்வது தொழில். டாக்டர்கள் நோயாளி வாயில் அளவெடுத்து அனுப்பும் அச்சில் பிளாஸ்டரை ஊற்றி, ஈறு கட்டி, பல் நட்டு, தேய்த்து மெருகேற்றித் திருப்பி அனுப்புவார். கல்யாணம் செய்துகொள்ளவில்லை. மேலே போனால் அலமாரி முழுக்க ஊர்க்காரர்களின் தாடைகள் வரிசையாக உட்கார்ந்து சிரித்துக்கொண்டிருக்கும். அவ்வளவு சிரிப்புக்கு நடுவில் அவர் ஒருவர்தான் சிரிக்காமல் வேலை பார்ப்பார்.

இந்தப் பல்லுக்காரரும் எடைக்காரரும் பேசிக்கொள்வதில்லை. ஒரே வாசல், ஒரே படிக்கட்டு, ஒரே தண்ணீர்த் தொட்டி, பேச்சு மட்டும் கிடையாது. சொத்துத் தகராறு என்று தெருவில் நினைத்துக்கொண்டார்கள். சொத்தாக இருந்திருந்தால் வக்கீல் வைத்து எப்போதோ முடித்திருப்பார்கள். இங்கே தகராறு ஒரு மீசையைப் பற்றியது.

கூடத்தில் டிவிக்கு மேலே அப்பா காலத்திலிருந்து ஒரு படம் தொங்குகிறது. முறுக்கிவிட்ட மீசை, படிய வாரிய தலை, கழுத்துவரை பொத்தான் போட்ட கோட்டு, படம் எடுத்தவர்மேல் ஏதோ மனத்தாங்கல் இருப்பதுபோல ஒரு பார்வை. அவர்தான் கொள்ளுத்தாத்தா என்று சொல்லித்தான் பிள்ளைகள் இரண்டையும் வளர்த்தார்கள். பரீட்சைக்குப் போகும்போது அவர் முகத்தைப் பார்த்துவிட்டுப் போனார்கள். மார்க் வந்த அன்றைக்கு அவர் பக்கம் திரும்பாமல் நடந்தார்கள். எடைக்காரருக்கு மீசை அரும்பியபோது அந்தப் படத்தைப் பார்த்துத்தான் முறுக்கப் பழகினார்.

அப்பா போய்ச் சில மாதம் கழித்து, சொந்தக்காரர்கள் கூடத்தை அடைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்த ஒருநாள், யாரோ படத்தைக் காட்டி அது யார் என்று கேட்டார்கள். எடைக்காரர் தொண்டையைச் செருமிக்கொண்டு ஆரம்பிப்பதற்குள் தம்பி முந்திக்கொண்டார்.

"அது ஃபிரேமோட வந்த ஆளு. கடையில ஃபிரேம் வாங்கினா உள்ள மாதிரிக்கு ஒரு படம் வெச்சிருப்பாங்க இல்ல, அது. அப்பா மாத்த மறந்துட்டாரு. என் சர்டிஃபிகேட்டுக்கு ஃபிரேம் போடப் போனப்போ பார்த்தேன், இதே ஆளு அங்க வரிசையா தொங்கிட்டிருந்தாரு."

கூடம் கொல்லென்று சிரித்தது. பிறகு படத்தின் மீசையையும் எடைக்காரரின் மீசையையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு இன்னொரு தரம் சிரித்தது. எடைக்காரர் எழுந்து கொல்லைப்பக்கம் போய்விட்டார். மறுநாள் காலையில் கண்ணாடி முன்னால் கத்திரிக்கோலோடு வெகுநேரம் நின்றார். மீசையை எடுத்தால் தம்பி சொன்னது சரி என்று ஆகிவிடும். எடுக்காவிட்டால் யாரோ ஒரு கடையில் தொங்குகிற ஆளின் மீசையை முகத்தில் சுமந்துகொண்டு திரிய வேண்டும். கடைசியில் வீம்புக்கு வைத்துக்கொண்டார். அவன் வாயால் கொள்ளுத்தாத்தா என்று சொல்கிற வரைக்கும் அவனோடு பேச்சில்லை என்று மனைவியிடம் அறிவித்தார். தம்பிக்கும் வீம்பில் குறைவில்லை.

பேச்சு நின்றதே தவிர சாப்பாடு நிற்கவில்லை. தினமும் மகள் ஒரு தூக்குப் பாத்திரத்தை மேலே கொண்டுபோவாள். எடைக்காரர் பேப்பரை முகத்துக்கு நேராகப் பிடித்துக்கொண்டு அதைப் பார்க்காமல் இருந்துவிடுவார். பாத்திரம் போகத் தாமதமானால் மட்டும், "இன்னிக்கு அடுப்பு மூட்டலையா?" என்று பொதுவாகக் கேட்பார்.

இன்னொன்றும் நடந்தது. லாரியின் பின்கதவுக் கொக்கி தெறித்து எடைக்காரருக்கு வலப்பக்கத்து மேல்பல் மூன்று போயின. டாக்டர் அச்செடுத்தார். எடைக்காரர் ஆட்டோ பிடித்து வீடு வந்து சேர்வதற்குள் அந்த அச்சு அவருக்கு முன்னால் அவர் வீட்டுப் படியேறியிருந்தது, ஏனென்றால் அந்த வட்டாரத்துப் பல் வேலை எல்லாம் தம்பியிடம்தான் வரும். செய்து முடித்த பல்லை மகள் தூக்குப் பாத்திரத்து மூடியில் வைத்துக் கீழே கொண்டுவந்தாள். "சண்டை அவனோடதான், பல்லோட இல்ல" என்று சொல்லி வாங்கி மாட்டிக்கொண்டார். அதற்குப் பிறகு சாப்பிடும்போது தலையை இடது பக்கம் சாய்த்துக்கொள்வது வழக்கமாகிவிட்டது. மனுஷன் எதையோ யோசித்துக்கொண்டே சாப்பிடுகிறார் என்று மனைவி நினைத்துக்கொண்டாள்.

இப்படியே போயிருக்கும். மகள் கல்யாணம்தான் குட்டையைக் குழப்பியது. ஆடம்பரம் எதுவும் வேண்டாம், பதிவு அலுவலகத்தில் கையெழுத்துப் போட்டால் போதும் என்று இரண்டு வீட்டிலும் பேசி முடித்துவிட்டார்கள். பெண் பக்கத்துச் சாட்சியாகச் சித்தப்பாதான் கையெழுத்துப் போட வேண்டும் என்றாள் அவள். மேலே போய்க் கேட்டும் பார்த்தாள்.

"உங்கப்பா வாயால கூப்பிடட்டும், வரேன்" என்றார் சித்தப்பா.

"அவன் கொள்ளுத்தாத்தான்னு சொல்லட்டும், கூப்பிடறேன்" என்றார் அப்பா.

மகள் பார்சல் கம்பெனியில் புகார்களைக் கேட்கும் வேலையில் இருப்பவள். தினமும் இதைவிடக் கோணலான ஆட்களைச் சமாளிக்கிறாள். ஆனாலும் அன்றைக்கு அவளுக்குக் கண் கலங்கிவிட்டது. "சித்தப்பா போடலைன்னா நானும் போடல. மாப்பிள்ளை மட்டும் தனியா கையெழுத்துப் போட்டுட்டு வீட்டுக்குப் போகட்டும்" என்று சொல்லிவிட்டுக் கதவைச் சாத்திக்கொண்டாள். பதிவுக்கு அடுத்த வாரம் நாள் குறித்திருந்தது. எடைக்காரருக்கு அன்று எடைமேடையில் இரண்டு லாரிகளின் கணக்கு முன்பின்னாகப் போயிற்று. அவர் வாழ்க்கையில் அது முதல் தடவை.

அந்த நேரம் பார்த்துத்தான் கப்பல் அத்தான் செய்தி அனுப்பினார். இவர் அத்தை மகன். வாழ்க்கை முழுவதும் கப்பலில் சுற்றிவிட்டு, ஓய்வு பெற்றபின் எங்கோ தொலைதூரத்தில் உட்கார்ந்து குடும்பத்தின் வம்சாவளியைச் சேர்க்கத் தொடங்கியிருந்தார். யாருக்கு யார் பிள்ளை, யார் எங்கே பிறந்தார், படம், சான்றிதழ், பேசிப் பதிவு செய்த குரல் என்று கிடைத்ததையெல்லாம் போட்டுக் கட்டி ஒரே ஃபைலாக்கி, அதற்கான இணைப்பைச் சொந்தக்காரர் எல்லோருக்கும் அனுப்பினார். "பெரிய ஃபைல் மாப்ள. மாசக் கடைசி வரைக்கும்தான் அங்க இருக்கும். அதுக்குள்ள இறக்கிக்கோ" என்று போனில் சொன்னார்.

எடைக்காரருக்கு உடம்பு சிலிர்த்தது. நான்கு தலைமுறைப் படமும் அதில் இருக்கும். கொள்ளுத்தாத்தாவும் இருப்பார். மீசையோடு மீசை வைத்துப் பார்த்துவிட்டால் விஷயம் முடிந்தது. தம்பியும் படியிறங்கி வந்துதான் தீர வேண்டும். அப்படி அவர் இல்லாமல் வேறு முகம் இருந்துவிட்டால் என்ன செய்வது என்பதை அவர் யோசிக்க விரும்பவில்லை.

ஃபைல் இறங்க ஆரம்பித்தது. ஆரம்பித்தது என்பதை நம்பித்தான் ஆக வேண்டும், பார்த்தால் தெரியாது. கம்ப்யூட்டர் திரையில் ஒரு கோடு இடது ஓரத்தில் பச்சையாக முளைத்து, அங்கேயே நின்று மூச்சு வாங்கிக்கொண்டிருந்தது. எடைக்காரர் குளித்துவிட்டு வந்து பார்த்தார். வேலைக்குப் போய்விட்டு வந்தும் பார்த்தார். கோடு, மாமியார் வீட்டுக்கு வந்த முதல்நாள் மருமகனைப்போல ஓரமாகவே உட்கார்ந்திருந்தது.

"அப்பா, நான் ஆபீஸ்ல ஒரு நிமிஷத்துல இறக்கிப் பென்டிரைவ்ல கொண்டாந்துடறேன்" என்றாள் மகள், கதவை லேசாகத் திறந்து.

"வேண்டாம். சரக்கு வழியில வண்டி மாறக் கூடாது. மாறினா குறையும்."

"இது மூட்டை இல்லப்பா."

"எல்லாச் சரக்கும் சரக்குதான். நம்ம வீட்டுக்குன்னு கிளம்பினது நேரா நம்ம வீட்டுலதான் இறங்கணும். நடுவுல ஒரு கை பட்டுதுன்னு வை, அவன் நம்ப மாட்டான்."

லாரிக்கு ரோட்டைக் காலி செய்து கொடுப்பதுபோல இன்டர்நெட் இணைப்புக்கும் பாதை காலி செய்து கொடுக்க வேண்டும் என்று அவர் முடிவுகட்டினார். மனைவியின் போனை வாங்கி அணைத்து அரிசி டின்மேல் வைத்தார். மகள் வீட்டுக்குள் நுழைந்ததும் அவள் போனையும் வாங்கினார். டிவி இழுத்துவிடுமோ என்று அதன் ஒயரைப் பிடுங்கினார். டிவிக்கும் இணைப்புக்கும் சம்பந்தமே இல்லை என்று மகள் சொன்னதற்கு, இல்லாமலே இருக்கட்டும், பிடுங்கியே இருக்கட்டும் என்றார். இணைப்புப் பெட்டி படிக்கட்டின் நடுத்திருப்பத்தில், சுவரில், ஒரு சுவிட்சோடு இருந்தது. இரண்டு வீட்டுக்கும் நடுவில் இருக்கட்டும் என்று அப்பா அங்கே வைக்கச் சொன்னது. அது சூடாகிறது என்று கண்டுபிடித்து, மனைவி படுக்கும் அறையிலிருந்த மேஜை விசிறியைக் கொண்டுபோய் அதற்கு வைத்தார். வியர்வையோடு புரண்டுகொண்டிருந்த மனைவி, "அந்தப் பெட்டிக்கு ஒரு தலையணையும் குடுத்துட்டு வாங்க" என்றாள்.

எடைக்காரருக்கு ஒரு கணக்கும் இருந்தது. கம்ப்யூட்டரில் காலி இடம் எவ்வளவு என்று ஃபைல் இறங்கத் தொடங்கும் முன் பார்த்துக் கையில் எழுதிக்கொண்டார். இறங்கி முடிந்ததும் மறுபடி பார்த்துக் கழித்தால் சரக்கு முழுசாக வந்ததா என்று தெரிந்துவிடும். வேர்வையில் கை எழுத்து அழிந்து போனதால் அடிக்கடி மேலே மேலே எழுதி, சில நாட்களில் அந்தக் கை படிக்க முடியாத கையாகிவிட்டது.

இரண்டு நாள் பார்த்துவிட்டு லைன்காரரைக் கூப்பிட்டார். வந்தவர் பெட்டியைத் தட்டினார், ஒயரை முகர்ந்து பார்த்தார், விசிறியை ஒரு மாதிரியாகப் பார்த்தார்.

"லைன் சரியாத்தான் சார் இருக்கு. வீட்டுல வேற யாரோ பெருசா எதையோ இழுக்கறாங்க."

"வீட்டுல ஒருத்தர் கையிலயும் போன் கிடையாது. எல்லாம் அரிசி டின்மேல இருக்கு."

"அப்போ மாடியிலயா இருக்கும். ஒண்ணும் பண்ண முடியாது சார். ரொம்ப மந்தமா போச்சுன்னா இந்தப் பெட்டிய ஒருவாட்டி அணைச்சுப் போடுங்க. கொஞ்சம் சுறுசுறுப்பாகும்."

லைன்காரர் கடமை உணர்ச்சி உள்ளவர். ஒரு லைனுக்கு இரண்டு வீடு என்றால் இரண்டு வீட்டிலும் சொல்லிவிட்டுத்தான் போவார். மாடி ஏறி அங்கேயும் கதவைத் தட்டினார். அங்கேயும் ஒருவர் இணைப்பு மந்தம் என்று குறைபட்டார். அவருக்கும் அதே வைத்தியத்தைச் சொல்லிவிட்டு, தாடைகளை ஒருமுறை திரும்பிப் பார்த்துவிட்டு, வேகமாக இறங்கிப் போனார்.

அன்றிலிருந்து வீட்டில் ஒரு விசித்திரம் ஆரம்பமாயிற்று. எடைக்காரரின் பச்சைக் கோடு எப்படியோ நகர்ந்து பாதிக்கு வரும். வந்ததும் பட்டென்று அறுந்துபோகும். பழைய கம்ப்யூட்டர், அறுந்தால் விட்ட இடத்தில் பிடிக்கத் தெரியாது, மறுபடி முதலிலிருந்துதான். முணுமுணுத்துக்கொண்டே முதலிலிருந்து தொடங்குவார். மந்தமாகப் போகும். லைன்காரர் சொன்னது ஞாபகத்துக்கு வரும். சத்தமில்லாமல் படியேறிப் போய்ப் பெட்டியை அணைத்துப் போட்டுவிட்டு வந்து, ஓரத்திலேயே கிடந்த கோட்டைப் புதிதாகத் தொடங்குவார். கொஞ்ச நேரம் நன்றாக ஓடும். பிறகு பாதியில், இல்லாவிட்டால் முக்காலில், மறுபடியும் அறுபடும். ஒருமுறை கோடு கடைசி ஓரத்தை ஏறக்குறையத் தொட்டுவிட்டது. மனைவியைக் கூப்பிட்டு வேடிக்கை பார்க்க உட்கார வைத்தார். அவள் உட்கார்ந்த நொடியில் அறுந்தது. உன் ராசி என்று அவளைத் திட்டினார். பாவம், அவள் அரிசி டின்மேல் இருந்த தன் போனைத் திருப்பிக் கேட்டதே இல்லை.

எழுபது டன் லாரியை ஒரு எண்ணில் அடக்கியவருக்கு, எடையே இல்லாத ஒன்று இப்படி வித்தை காட்டுவது பொறுக்கவில்லை. மேலே இருப்பவன் சினிமா பார்த்துப் பார்த்து இழுக்கிறான் என்று முணுமுணுத்தார். பதிவு நாளோ நெருங்கிக்கொண்டிருந்தது. மகள் புதுப்புடவைப் பையைப் பிரிக்காமலே அலமாரிமேல் போட்டு வைத்திருந்தாள். அதைப் பார்க்கும்போதெல்லாம் அவருக்கு நெஞ்சில் ஒரு பாரம் ஏறியது. எந்த மேடையிலும் நிறுக்க முடியாத பாரம்.

ஞாயிற்றுக்கிழமை காலை. கோடு மறுபடி ஓரத்திலேயே படுத்துக்கொண்டது. எடைக்காரர் செருப்பைக் கழற்றிவிட்டு, பூனைபோலப் படியேறினார். திருப்பத்தில் கையை நீட்டி சுவிட்சைத் தொடப் போனவர், அங்கே ஏற்கெனவே ஒரு கை இருப்பதைப் பார்த்தார். விரல் இடுக்கெல்லாம் வெள்ளை பிளாஸ்டர். அந்தக் கைக்கு உரியவரும் செருப்பைக் கழற்றிவிட்டுத்தான் வந்திருந்தார்.

இரண்டு பேரும் அப்படியே நின்றார்கள். மேஜை விசிறி இவர் பக்கம் ஒருமுறை, அவர் பக்கம் ஒருமுறை திரும்பிக்கொண்டிருந்தது. தம்பிக்கும் தலை நரைத்துவிட்டது. படியில் எதிர்ப்படும்போதெல்லாம் முகத்தைத் திருப்பிக்கொண்டதில் எடைக்காரர் இதைக் கவனித்திருக்கவில்லை. என் தம்பி எப்போது கிழவனானான் என்று அவருக்குத் திக்கென்றது. என்னவோ சொல்ல வேண்டும்போல இருந்தது. இத்தனை வருஷம் கழித்துச் சொல்ல என்ன இருக்கிறது என்றும் இருந்தது. கடைசியில் வாயில் வந்ததைக் கேட்டார்.

"உனக்கு எவ்வளவு வந்திருக்கு?"

"முக்கால் வரைக்கும் வந்துச்சு. நேத்து. அப்புறம் அறுந்துபோச்சு."

"நேத்து எப்போ?"

"நீ வேலை முடிஞ்சு வந்தியே, அதுக்குக் கொஞ்சம் பின்னாடி."

நேற்று வேலை முடிந்து வந்ததும் பெட்டியை அணைத்துப் போட்டது எடைக்காரருக்கு ஞாபகம் வந்தது. "முந்தாநாள் ராத்திரி நீ அணைச்சியா?" என்றார். தம்பி தலையாட்டினார். மனைவியை உட்கார வைத்து வேடிக்கை காட்டிய ராத்திரி அது.

ஒரே ஃபைலை, ஒரே லைனில், ஒரே காரணத்துக்காக இரண்டு பேரும் இழுத்திருக்கிறார்கள். இவர் இழுத்ததால் அவருக்கு மந்தம், அவர் இழுத்ததால் இவருக்கு மந்தம். மந்தம் போக இவர் அணைத்ததில் அவருக்கு அறுந்தது, அவர் அணைத்ததில் இவருக்கு அறுந்தது. ஊரில் வேறு எந்த வீட்டிலாவது இப்படி நடந்திருந்தால் ஒருவர் மாடியைப் பார்த்து ஒரு குரல் கொடுத்திருப்பார், அதோடு முடிந்திருக்கும்.

"யார்கிட்டயாவது பென்டிரைவ்ல வாங்கியிருக்கலாமே" என்றார் எடைக்காரர், தான் எதைச் சொல்கிறோம் என்பது தெரிந்தே.

"அச்சுக்கு அச்சு எடுத்தா பல்லு உட்காராது அண்ணா. மூலத்துலேர்ந்துதான் எடுக்கணும்."

அண்ணா என்ற சொல் தம்பி வாயிலிருந்து தற்செயலாகத்தான் விழுந்தது. இரண்டு பேரும் அது விழுந்ததைக் கவனிக்காத மாதிரி இருந்துவிட்டார்கள்.

ஒருவர் நிறுத்தினால்தான் மற்றவருக்கு இறங்கும் என்பது தெளிவு. நீ இறக்கிக்கொள் என்று இவர் சொன்னார், நீயே இறக்கிக்கொள் என்று அவர் சொன்னார். கேட்பதற்குப் பெருந்தன்மையாக இருந்தாலும், இறக்கி முடித்த பிறகு மற்றவன் படத்தில் கை வைத்துவிடுவானோ என்ற சந்தேகமும் இரண்டு பேருக்கும் இருந்தது. அதனால் தம்பி மேலே போய்த் தன் கம்ப்யூட்டரை நிறுத்திவிட்டு, காவலுக்கு அண்ணன் பக்கத்தில் வந்து உட்கார்வது என்று முடிவாயிற்று. பல்லுக்காரர் கூடத்துக்குள் நுழைந்ததைப் பார்த்த எடைக்காரர் மனைவி, கையிலிருந்த கரண்டியைக் கீழே வைக்கவும் மறந்து, "வாங்க தம்பி" என்றாள். வேறு எதுவும் கேட்காமல் உள்ளே போய் இன்னொரு டம்ளர் காபி போட்டாள்.

மீசைக்காரர் மேலே இருந்து பார்க்க, இரண்டு பேரும் நாற்காலிகளைச் சேர்த்துப் போட்டுக்கொண்டு கோட்டைப் பார்த்தார்கள். கோடு இப்போது நடந்தது. ஓடவில்லை, ஆனால் நடந்தது. பேச ஒன்றுமில்லாததால் தம்பி அண்ணன் வாயைப் பார்க்க ஆரம்பித்தார். தொழில் புத்தி.

"கடிக்கறது சரியா இருக்கா?"

எடைக்காரர் வலது கன்னத்தைத் தடவினார். "ஒரு இணுக்கு உயரமா இருக்கு."

"எப்போலேர்ந்து?"

"போட்ட நாள்லேர்ந்து."

"இத்தனை வருஷமாவா? டாக்டர்கிட்ட போயிருக்கலாம் இல்ல?"

"போனா அவரு உன்கிட்டதானே அனுப்புவாரு. உன் வேலை சரியில்லைன்னு நானே போய் ஊருக்குச் சொல்லணுமா?"

தம்பி எழுந்து மாடிக்குப் போனார். போன வேகத்தைப் பார்த்து, கோபித்துக்கொண்டு போய்விட்டானோ என்று எடைக்காரருக்குப் பயம் வந்துவிட்டது. ஆனால் தம்பி தேய்க்கிற சின்ன மெஷினோடும் ஒரு சிவப்புக் காகிதத்தோடும் திரும்பி வந்தார். பல்லைக் கழற்றித் தரச் சொல்லி, மாட்டிக் கடிக்கச் சொல்லி, சிவப்பு பட்ட இடத்தைத் தேய்த்து, மறுபடி மாட்டிக் கடிக்கச் சொன்னார். மெஷின் கீச்சிட்டது. தான் மூக்கை உறிஞ்சுவது மெஷின் சத்தத்தில் கேட்காது என்று அவர் நினைத்திருக்க வேண்டும்.

"நீ சொன்னதுக்காக எனக்குக் கோபம் இல்லடா" என்றார் எடைக்காரர், வாயில் பல் இல்லாத நேரம் பார்த்து. "எல்லாரும் என்னப் பார்த்துச் சிரிச்சப்போ நீயும் சேர்ந்து சிரிச்சே."

"சிரிப்பு வந்துடுச்சு அண்ணா. அடக்கப் பார்த்தேன், முடியல."

கோடு மறுகரையைத் தொட்டது. அறுபடவில்லை. எடைக்காரர் தன் கையைப் பார்த்தார், கணக்கு அழிந்து போயிருந்தது. பரவாயில்லை என்று முதன்முதலாக ஒரு சரக்கைக் கழித்துப் பார்க்காமலே ஏற்றுக்கொண்டார். ஃபைலைத் திறந்தார்கள். வம்சம் முழுவதும் கிளை கிளையாகத் திரையில் விரிந்தது. ஆட்கள் பெட்டி பெட்டியாக, ஒவ்வொரு பெட்டியிலும் ஒரு முகம். மேலே மேலே நகர்த்திக் கொள்ளுத்தாத்தாவின் பெட்டிக்கு வந்து சேர்ந்தார்கள்.

அங்கே முகம் இல்லை. சாம்பல் நிறத்தில் ஒரு மொட்டைத் தலை உருவம் இருந்தது. கீழே அத்தான் எழுதியிருந்தார்: "படம் கிடைக்கவில்லை. மாமா வீட்டுக் கூடத்தில் மீசை வைத்த ஒருவர் தொங்குகிறார். இவர்தானா என்று மாமா பிள்ளைகள் இருவரையும் கேட்க வேண்டும். இரண்டு பேரும் ஒரே பதில் சொன்னால் சேர்த்துவிடலாம்."

இரண்டு பேரும் ஒரே சமயத்தில் அண்ணாந்து சுவரைப் பார்த்தார்கள்.

"கொள்ளுத்தாத்தான்னே சொல்லிடலாம்" என்றார் தம்பி. "அப்பா மாட்டினது. அது போதும்."

"அதெப்படி? நீ கண்ணால கடையில பார்த்திருக்கே. ஃபிரேமோட வந்தவருன்னே சொல்லு."

"நான் பார்த்தது வேற மீசையா இருக்கலாம்."

"இல்லடா, நீ சொன்னா சரியாத்தான் இருக்கும். பல்லு பார்க்கற கண்ணு உனக்கு."

"நீ என்ன, எதைச் சொன்னாலும் எதிர்த்தே பேசறே?"

குரல் ஏறியது. உள்ளேயிருந்து மனைவியும் மகளும் ஓடி வந்தார்கள். பழையபடி ஆரம்பித்துவிட்டதே என்று மகளுக்கு முகம் வெளுத்துவிட்டது. இப்போது அப்பா சித்தப்பாவின் கட்சியையும் சித்தப்பா அப்பாவின் கட்சியையும் பேசுகிறார்கள் என்பது புரிய அவளுக்குக் கொஞ்ச நேரம் பிடித்தது. புரிந்ததும் சுவரில் சாய்ந்து உட்கார்ந்துவிட்டாள்.

அவளைப் பார்த்த தம்பி, திரையில் கீழே கீழே இறக்கி அவளுடைய பெட்டிக்கு வந்தார். பள்ளிக்கூடத்துப் படம், இரட்டைப் பின்னல். பக்கத்தில் 'மணமாகவில்லை' என்று போட்டிருந்தது.

"இத மாத்தணுமே. எப்போ மாறுது?" என்றார், திரையைப் பார்த்துக்கொண்டே.

எடைக்காரர் தம்பி பக்கம் திரும்பினார். கழித்துப் பார்க்க எதுவும் இல்லை. "புதன்கிழமை. நீ வந்து கையெழுத்துப் போட்டா மாறும். வாடா."

"வரேன்" என்றார் தம்பி. அவ்வளவுதான். மகள் எழுந்து, அலமாரிமேல் கிடந்த புடவைப் பையை எடுத்துப் பிரித்தாள்.

சுவரிலிருந்து படத்தை இறக்கி, தூசி துடைத்து, போனில் படம் பிடித்தார்கள். அத்தானுக்கு அனுப்பும் பதிலை எழுதுவதில் இன்னும் ஒரு வாய்ச்சண்டை நடந்தது. கடைசியில் இருவரும் ஒப்புக்கொண்டது இது: "ஃபிரேமோடு வந்த கொள்ளுத்தாத்தா." அனுப்பு என்று அழுத்தினார்கள். திரையில் ஒரு புதிய கோடு இடது ஓரத்தில் முளைத்து, அங்கேயே நின்று மூச்சு வாங்கியது.

"இது போய்ச் சேர எவ்வளவு நேரம் ஆகுமோ" என்றார் தம்பி. "முடியற வரைக்கும் நான் மேல போனா சரியா வராது. கம்ப்யூட்டர் பக்கம் கை போயிடும்."

"இங்கேயே இரு" என்றார் எடைக்காரர்.

பதிவு அலுவலகத்துப் பெண் சாட்சி கையெழுத்துக்கான எல்லா இடத்திலும் பெருக்கல் குறி போட்டுக் காட்டினாள், தம்பி பிளாஸ்டர் போகக் கழுவிய கையால் கையெழுத்துப் போட்டார். அது புதன்கிழமை. அதற்கு முன்னால், அந்த ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் நடந்தது இதுதான்: தூக்குப் பாத்திரம் அன்று மேலே போகவில்லை. மேஜையில் இரண்டு தட்டு பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பரிமாறினாள் எடைக்காரர் மனைவி. பரிமாறிக்கொண்டே கணவரைப் பார்த்தவள், கையில் கரண்டியோடு நின்றுவிட்டாள். அவர் தலையைச் சாய்க்காமல் சாப்பிட்டுக்கொண்டிருந்தார்.